கண்மாயைத் தூர்வாரினீர்கள், வரத்துக்காலை யார் பார்ப்பது?

கண்மாய்களுக்குப் பொறுப்பான நீர்வள, ஊராட்சி, வருவாய்த் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். உலகத்து நீரில் நன்னீர் 2.5 விழுக்காடுதான் என்றும் அதிலும் பெரும்பகுதி பனியாக உறைந்து கிடக்கிறது என்றும் பள்ளிச் சுவர்களில் எழுதி வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கில் எங்களுக்கு ஐயமில்லை. எங்கள் ஊருக்கு வரவேண்டிய பங்கு வழியில் எங்கே நின்றுபோகிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

வைகைப் படுகையின் கண்மாய்கள் தனித்தனிக் குளங்கள் அல்ல என்பது உங்களுக்குத் தெரியாததன்று. மேல் கண்மாய் பெருகி, உபரிநீர் வெளியேறும் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாயின் நீர் தேங்கும் உட்பகுதியான உள்வாய் நனையும். ஆனால் 100 ஏக்கரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும், இரண்டையும் இணைக்கும் ஓடைப் புறம்போக்கின் பதிவு வருவாய்த் துறையிடமும் இருப்பதால், ஒரே நீர் மூன்று அலுவலகங்களைக் கடந்து வர வேண்டியிருக்கிறது. கரைக்கு ஆள் உண்டு, மடைக்கு ஆள் உண்டு, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலுக்கு மட்டும் கேட்பாரில்லை.

2017-இல், ஊரார் பங்கேற்போடு நீர்நிலைகளைச் சீரமைக்கும் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கப்பட்டபோது நாங்கள் மகிழ்ந்தோம். எங்கள் கண்மாயிலும் பின்னர் வேலை நடந்தது. வண்டல் அள்ளப்பட்டது, கரை உயர்ந்தது, சீமைக்கருவேலம் வேரோடு போனது. (அடுத்த மழைக்கே அது மறுபடி துளிர்த்துவிட்டது என்பது வேறு கதை.) ஆனால் மூன்று கிலோமீட்டர் வரத்துக்காலில் ஒரு மண்வெட்டிகூட விழவில்லை.

அந்தக் கால் ஒருகாலத்தில் மாட்டுவண்டி இறங்கி ஏறும் அகலம் இருந்தது. இப்போது மனைப்பிரிவு ஒன்றுக்குப் போகும் பாதைக்காக அதன் குறுக்கே மண் கொட்டி, அடியில் இரண்டு சிமெண்ட் குழாய்களைப் புதைத்திருக்கிறார்கள். சென்ற ஐப்பசியில் மேல் கண்மாய் மறுகால் பாய்ந்த அன்று, வயல்களுக்கு நீர் பங்கிடும் எங்கள் நீர்ப்பாய்ச்சி இடுப்பளவு தண்ணீரில் நின்று மூங்கில் கழியால் குழாயைக் குத்திக்கொண்டிருந்தார். பனை மட்டையும் பாலித்தீன் பையும் ஒரு கிழிந்த சாக்கும் வந்தன, தண்ணீர் வரவில்லை. தேங்கிய நீர் சாலையில் ஏறிப் பேருந்து நிறுத்தம் வரை போயிற்று. வெள்ளம் என்று நிவாரணக் கணக்கு எடுக்க ஆள் வந்தார்கள். அதே வாரத்தில் எங்கள் கண்மாயின் உள்வாயில் வெடிப்புக்குள் கைவிரல் நுழைந்தது. தை பிறப்பதற்குள் குடிநீருக்கு லாரி வந்துவிட்டது. மழை பெய்யாமல் வந்த பஞ்சம் அல்ல இது.

ஆகவே நாங்கள் கேட்பது புதிய திட்டமன்று. கண்மாய்க்கு மதிப்பீடு போடும் முன் அதன் வரத்துக்காலைக் கிராம வரைபடத்தின்படி அளந்து கல் நடுங்கள். மேல் கலுங்கிலிருந்து கீழ் உள்வாய் வரை ஒரே பொறியாளரைப் பொறுப்பாக்கி, அவர் பெயரைக் கரையில் எழுதி வையுங்கள். சாலைக்கு அடியில் குழாய்க்குப் பதில் வெள்ளம் தாங்கும் பாலம் கட்டுங்கள். ஊர்ப் பொதுவில் அளக்கும் நெல்லை மட்டும் நம்பியிருக்கும் நீர்ப்பாய்ச்சிக்கு மாதச் சம்பளம் கொடுங்கள், ஏனெனில் எந்த மேடு எப்போது உடையும் என்று அறிந்தவர் அவர் ஒருவர்தான்.

புரட்டாசி முடிவதற்குள் மூன்று துறையினரும் ஒரே நாளில் வாருங்கள். வரத்துக்காலை முழுவதும் நடந்து பார்க்க ஒரு மணி நேரம் போதும். நீர்ப்பாய்ச்சி முன்னால் நடப்பார்.

இப்படிக்கு,
கீழ்க் கண்மாய் ஆயக்கட்டு விவசாயி ஒருவர்