இரண்டாம் டிராக்கில் 14 நொடி

அன்புள்ள மச்சான்,

கடிதம் போட்டு மூன்று வருஷமாகிறது. மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தால் ஒரு பக்கம் அதிலேயே போய்விடும். நீயும்தான் போடவில்லை, கணக்கு சரி. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். உன் முட்டி தேவலையா?

ஒரு தப்புப் பண்ணிவிட்டேன். போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை உன் நம்பரை எடுத்தேன். நீ "என்னடா" என்றதும் எனக்கு வாய் அடைத்துவிடும் என்று தெரியும், அதனால் வைத்துவிட்டேன். தப்பைப் பின்னால் சொல்கிறேன். முதலில் நல்ல செய்தி: ஒரே கேசட்டில் நாலு தனித்தனிப் பாதையில் பதிகிற நம் நாலு டிராக் ரெக்கார்டர் மறுபடி ஓடுகிறது.

அதேதான், நீ ஓரத்தில் சிகரெட்டால் சுட்ட தழும்போடு. பரணிலிருந்து இறக்கி பிளக்கைச் செருகினேன். விளக்கு எரிந்தது, மீட்டர் முள் ஒரு துள்ளு துள்ளியது. பிளேயை அழுத்தினால் உள்ளே மோட்டார் மட்டும் சுற்றுகிறது, கேசட் அசையவில்லை. மூடியைக் கழற்றினேன். பெல்ட் இருந்த இடத்தில் தார்! ரப்பர் பெல்ட் வயசானால் அறுந்துபோகும் என்றுதானே நினைத்திருந்தோம். சில ரகம் அறுவதில்லை, உருகிவிடுகிறது. ஃப்ளைவீலைச் சுற்றி, மோட்டார் புல்லியின் பள்ளத்தில், சர்க்யூட் போர்டின் ஓரத்தில் என்று எல்லா இடத்திலும் கறுப்புப் பிசின். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து இரண்டு சாயங்காலம் வழித்தேன். ஒரு குச்சி ஒரு சுற்றுக்குத்தான் தாங்கும், அதற்குமேல் அழுக்கை இங்கிருந்து அங்கே மாற்றி வைக்கிறது. விரலில் ஒட்டியது சட்டைக்குப் போனது, சட்டையிலிருந்து நாற்காலிக்கு, அங்கிருந்து வீட்டில் மற்றவர்களுக்கு. அந்த நாற்காலியைப் பற்றி இன்னும் பேச்சு ஓயவில்லை.

பழைய பெல்ட் உருகிவிட்டதால் அளவு எடுக்க வழியில்லை. புல்லிகளைச் சுற்றி நூல் ஓட்டி அளந்து, அதில் ஐந்து சதவீதம்போலக் குறைத்து வாங்கினேன். ரொம்ப இறுக்கமாக இருந்தால் மோட்டார் முனகும், தளர்வாக இருந்தால் பாட்டு நீரில் மிதக்கிற மாதிரி ஆடும். டேப்பை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளையில், அதுதான் பிஞ்ச் ரோலர், பழுப்பாக ஒரு வளையம் பளபளத்தது. அதை ஆல்கஹாலால் துடைக்கவில்லை, சோப்புத் தண்ணீர்தான். ரப்பரைக் காய வைக்கும் எதையும் அதன்மேல் இனி தொடமாட்டேன். டேப்பைப் படிக்கும் ஹெட் விஷயத்தில் நீ சொன்னதே சரி. நாம்தான் அந்த நாளில் சுத்தமாகத் துடைப்பதில்லை. கொஞ்சம் அழுக்கு படிந்து சத்தம் லேசாகக் குறைந்தாலும், டேப் இரைச்சலை அடக்கும் நம் டிபிஎக்ஸ் அந்தக் குறைவை இரட்டிப்பாக்கிக் காட்டுகிறது. உன் குரல் மூச்சுத் திணறுகிற மாதிரி வந்து போகும் என்று சண்டை போட்டோமே, அது உன் மூச்சுமில்லை, என் மைக்குமில்லை.

ஹெட்டில் ஏறிய காந்தத்தை எடுக்கும் டீமேக்னடைசரும் வாங்கினேன். மெஷினை அணைத்துவிட்டு, கேசட்டுகளை அடுத்த அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கம்பியை மெல்லக் கிட்டே கொண்டுவந்து, மெல்ல ஒரு கை தூரம் விலக்கி, அப்புறம்தான் சுவிட்சை அணைக்க வேண்டும். நான் முதல் தடவை ஹெட்டின் பக்கத்திலேயே அணைத்துவிட்டேன். காந்தத்தை எடுக்கப் போய் ஏற்றி வைத்த புண்ணியம். திரும்ப முதலிலிருந்து.

ஹெட்டின் சாய்வை மாற்றும் ஸ்க்ரூவை மட்டும் தொடவில்லை. அது சரியோ தப்போ, நம் கேசட் எல்லாம் அந்தச் சாய்வில் பதிந்தவை. இன்று அதைச் "சரி" செய்தால் பழையது முழுக்கப் போர்வை போர்த்திக்கொள்ளும்.

வேகம்தான் பெரிய தலைவலி. சாதாரண கேசட் ஒரு நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது, நம்முடையது அதைப்போல இரண்டு மடங்கு. புது பெல்ட் போட்ட பிறகு அது இரண்டு மடங்குதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என்னிடம் டெஸ்ட் டேப் கிடையாது. ஆனால் நம் ஹார்மோனிகாக்காரன் ஒட்டடைக்குச்சி விட்டுப்போன சி ஹார்மோனிகா மேஜை டிராயரில் கிடந்தது. கிடார் என்றால் அன்றைக்கு எந்தச் சுருதியில் வைத்திருந்தோமோ, யாருக்குத் தெரியும். ஹார்மோனிகாவின் சுருதி அதன் ரீடிலேயே இருக்கிறது. கேசட்டில் அவன் ஊதியதைப் போட்டுவிட்டு, அதே துளையை நான் ஊதி, இரண்டும் ஒட்டும்வரை மோட்டாரின் பின்துளையில் ஸ்க்ரூடிரைவரைத் திருப்பினேன். முதலில் அரை சுரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக ஏறியிருந்தது, அதாவது ஆறு சதவீதத்துக்கு மேல் வேகம். அலை அலையாக அடித்த சத்தம் மெதுவாகி மெதுவாகி ஒரே கோடாக நின்றது பார், அந்த நிமிஷம் நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். ஒட்டடைக்குச்சியால் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலை நேரத்துக்கு முடிந்தது.

சரி, தப்பு.

ரெக்கார்டிங்கைச் சோதிக்க வெற்றுக் கேசட் போட்டு, இரண்டாம் டிராக்கை ரெக்கார்டுக்குத் தயாராக வைத்திருந்தேன். நன்றாகப் பதிந்தது. அந்தச் சந்தோஷத்தில் அதை உருவிவிட்டு நம் மழைப்பாட்டைப் போட்டேன். இரண்டாம் டிராக் சுவிட்ச் அப்படியே இருக்கிறது. ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொண்டுபோக முன்னே சாய்ந்தேன். காலடியில், மிதித்தால் ரெக்கார்டிங் தொடங்கும் ஃபுட்சுவிட்ச். மிதித்தது தெரியவில்லை. நீ பாடிக்கொண்டே இருந்தாய், இரண்டாவது சரணம் தொடங்கியதும் நின்றுவிட்டாய். பெல்ட் போய்விட்டதோ என்று நினைத்தேன். ஆனால் கிடார் ஓடுகிறது, டப்பாத் தாளம் ஓடுகிறது. சிவப்பு விளக்கைப் பார்த்தபோது 14 நொடி போயிருந்தது.

கேசட்டின் பின்பக்கத்து பிளாஸ்டிக் காதை உடைத்திருந்தால் இது நடந்தே இருக்காது. இன்னும் ஒரு டேக் போடலாம், இன்னும் ஒன்று போடலாம் என்று நாம் கடைசிவரை உடைக்கவில்லை. பழையதை அழிக்கும் எரேஸ் ஹெட்டைத் தாண்டினது தாண்டினதுதான். எந்த மென்பொருளும் அதைத் திருப்பித் தராது. அன்றிரவு தூங்கவில்லை. அந்தப் பாட்டுக்குப் பிறகு நீ பாடுவதை விட்டுவிட்டாய் என்பது எனக்குத் தெரியும். ஏன் என்று நானும் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

மறுநாள் செய்தேன், முதல் நாளே செய்திருக்க வேண்டியதை. நாலு டிராக்கையும் தனித்தனி அவுட்டிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தபோது மூன்றாவதில், அவன் ஹார்மோனிகாவை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தன் முறைக்குக் காத்திருக்கிற இடத்தில், கொசு மாதிரி ஒரு சத்தம். ஒலியை ஏற்றினேன்.

நீ!

ஞாபகம் இருக்கிறதா, ஹெட்போனை ஒரு காதில் மாட்டி, மறுகாதைத் திறந்துவிட்டு, வால்யூமை முழுக்க வைத்துக்கொண்டு நிற்பான். மைக்கில் கசிகிறது, டிராக் நாசம் என்று நீ அவன்மேல் செருப்பை எறிந்தாயே. அந்தக் கசிவில்தான் இருக்கிறது. தகரக் குழாய்க்குள்ளிருந்து பாடுகிற மாதிரி, அடிச்சுருதி ஒன்றுமில்லாமல், வார்த்தை எல்லாம் தெளிவாக, 14 நொடியும் முழுசாக. அவன் மூச்சு வாங்குவதும், யாரோ நாற்காலியை நகர்த்துவதும் கூடவே இருக்கிறது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் ஆறு மாசம் ஆடுவான்.

இப்போது கேள்வி. அந்த இடைவெளியை என்ன செய்வது? முதலில், நீ வந்து அந்த 14 நொடியை மட்டும் பாடிச் சேர்த்துவிடு என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். உன் இன்றைய தொண்டையோடு சேர்த்தால் சரணத்தின் நடுவில் உன் அப்பா வந்து பாடிவிட்டுப் போன மாதிரி இருக்கும், அது வேறு விஷயம். அமெரிக்கப் பாடகர் ஸ்பிரிங்ஸ்டீனின் கதை உனக்குத் தெரியும். நம்மை இந்த மெஷின் வாங்க வைத்ததே அதுதானே. 1979இல் டீயாக் கம்பெனி கொண்டுவந்த 144 என்ற நாலு டிராக் கேசட் மெஷினில், படுக்கையறையில் மாதிரிக்காகப் பாடி வைத்தார். பிறகு குழுவோடு ஸ்டுடியோவில் அதே பாட்டுகளை எடுத்துப் பார்த்தும் அந்தக் கேசட்டின் தன்மை வரவில்லை. 1982இல் கேசட்டே 'நெப்ராஸ்கா' ஆல்பமாக வெளிவந்தது. அவருக்கே வராதது நமக்கு வரப்போகிறதா?

அதனால் வேறு ஒன்று செய்து பார்த்தேன். கேசட்டில் இனி கை வைப்பதில்லை, பிரதி எடுத்துத்தான். பிரதியைத் திருப்பிப் போட்டால் நாலாவது முதலாகும், எல்லாம் பின்னோக்கி ஓடும், இது நம் பழைய விளையாட்டு. அப்படி ஓட விட்டு, இடைவெளிக்கு அப்புறம் வரும் உன் குரலை ரிவெர்பில், அதாவது எதிரொலிப் பெட்டியில், அனுப்பி அதை வெற்று இடத்தில் பதித்தேன். நேராகத் திருப்பினால் நீ வாயைத் திறக்கும் முன்பே உன் குரலின் வால் வந்துவிடுகிறது, எங்கிருந்தோ உறிஞ்சி இழுப்பதுபோல. அந்த வால் வளர்ந்து இடைவெளிக்குள் வரும்போது கிடாரை இறக்கிவிட்டு, கொசுக் குரலை மேலே கொண்டுவருகிறேன். மூன்று இரவு இதிலேயே போனது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை விரலால் தள்ளும்போது ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வருகிறது, கம்ப்யூட்டரில் கோடு போட்டால் எல்லாத் தடவையும் ஒரே மாதிரி. நாலே டிராக் இருப்பதால் எதை விடுவது என்று முன்னாடியே முடிவு பண்ண வேண்டியிருக்கிறது, அதில் ஒரு நிம்மதி.

எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் குரல் உன்னுடையது. வேண்டாம் என்றால் வேண்டாம், ஓட்டையோடேயே வைத்துவிடுகிறேன். திட்டுவதென்றால் கடிதத்தில் திட்டு, போனில் வேண்டாம்.

பழைய கேசட்டின் இரண்டு காதையும் உடைத்துவிட்டேன். அதை அனுப்பவில்லை, நீ சாதாரண பிளேயரில் போட்டு, எருமை மாதிரிப் பாடுகிறேனே என்று பயந்துவிடுவாய். மூன்றாம் டிராக்கை மட்டும் தனியாக அனுப்புகிறேன். இரண்டு நிமிஷம் பத்து நொடியில் வரும். ஹெட்போனை இரண்டு காதிலும் ஒழுங்காக மாட்டிக்கொண்டு கேள்.

உன்
டப்பாத் தாளம்