உள்ளங்கையில் வைத்த திறப்பு

திருகோணமலை

அன்பு மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை கதைக்கும்போது, பந்து விளையாடுகையில் கண் இருட்டிக்கொண்டு வந்தது என்று சொல்லிவிட்டு உடனே அங்கத்தைய குளிரைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டாய். அதற்குப் பிறகு நீ சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

சின்ன மாமா செத்தது உனக்குத் தெரியும், அதற்கு முன்னம் நடந்ததை நான் சொன்னதில்லை. 16 வயதில் உப்புவெளிக் கடற்கரையில் பந்துக்குப் பின்னால் ஓடினவன் குப்புற விழுந்தான், கை கால் இழுத்தது, வலிப்பு என்று யாரோ கத்த நான்தான் வீட்டுத் திறப்பை அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் கண் விழித்து, வாயில் இருந்த மணலைத் துப்பிவிட்டுச் சிரித்தான். நூல் கட்டினோம், வலிப்புக்கு மருந்து கொடுத்தோம், நெஞ்சை யாரும் பார்க்கவில்லை. 21 வயதில் ஓடும்போது திரும்பவும் விழுந்தான். எழும்பவில்லை. கண்ணூறு என்று சொல்லி அழுதோம்.

இதயத்துடிப்பு குழம்பி மூளைக்கு இரத்தம் போகாவிட்டாலும் கை கால் இழுக்கும், பார்க்க வலிப்பு மாதிரியே இருக்கும். இளம் பிள்ளைகள் இப்படித் திடீரென்று போவதற்குக் கொழுப்பு அடைப்பை விட வேறு காரணங்கள்தான் கூட: இதயத் தசை தடித்துப்போவது, இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் குழாய் பிறவியிலேயே தவறான இடத்தில் தொடங்குவது, துடிப்பின் மின்னோட்டம் பிழைக்கும் ‘லோங் கியூடி’, வைரஸ் காய்ச்சலோடு இதயத் தசை வீங்குவது (காய்ச்சலோடு ஒருநாளும் விளையாடப் போகாதே). தசைத் தடிப்பும் லோங் கியூடியும் பெரும்பாலும் பரம்பரை. பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

நானும் போய் ஈசிஜி, எக்கோ என்கிற இதய ஸ்கேன் இரண்டும் எடுத்தேன், ஒன்றும் இல்லை என்றார்கள். அதை வைத்து நீ தப்பப் பார்க்காதே, கண் இருட்டினது உனக்கு. நீயும் போய் டாக்டரிடம் காட்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதா, ஓடி நின்ற பிறகா என்று டாக்டர் கேட்பார், யோசித்து வை. ஓடும்போது என்றால் அது பெரிய விஷயம். மாமா 21 வயதில் விளையாடும்போது போனதையும் மறக்காமல் சொல்லு. டாக்டர் பார்த்துச் சொல்லும்வரைக்கும் பந்தைத் தொடாதே.

ஏதும் இருந்தால் விளையாட்டு போய்விடும் என்று பயப்படுகிறாய் போல. 2021இல் டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சன் மைதானத்தில் விழுந்ததை நீயும் பார்த்தாய்தானே, அங்கேயே நெஞ்சை அழுத்தி, ஷாக் கொடுத்துக் காப்பாற்றினார்கள், துடிப்பு குழம்பினால் தானே ஷாக் கொடுக்கும் கருவியை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு அடுத்த வருடமே திரும்ப விளையாடினார்.

ஈசிஜி எடுத்தவுடன் அந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்பு. இங்கே இரவு என்று பார்க்காதே, நான் முழித்துத்தான் இருப்பேன்.

அம்மா