கப்பல் ஏடுகளும் கணினியும்

ஆசிரியருக்கு,

பழைய கப்பல் ஏடுகளை, அதாவது பயண நாட்குறிப்புகளையும் சரக்குக் கணக்குகளையும், கணினியில் ஏற்றிவிட்டால் கடல்கடந்த உறவுகளின் வரலாறு தானாக வெளிவந்துவிடும் என்பதுபோலப் பலர் எழுதுகிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. 1750 முதல் 1850 வரையிலான ஐரோப்பியக் கப்பல் நாட்குறிப்புகளைத் தொகுத்த 'கிளிவாக்' தரவுத்தளத்தையே (பருவநிலை ஆய்வுக்காகத் தொகுத்தது, வரலாற்றுக்காரர்களுக்கு உபரி லாபம்) எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு மாலுமி தீர்க்கரேகையின் பூஜ்யக் கோட்டை டெனெரீஃப் தீவில் வைத்துக் கணக்கிட்டிருப்பார், இன்னொருவர் பாரிஸில் வைத்து, அதைச் சரிசெய்யாமல் வரைபடத்தில் புள்ளி வைத்தால் கப்பல் தரையில் ஓடும்!

அட்லாண்டிக் அடிமை வணிகத் தரவுத்தளத்தில் 36,000 பயணங்கள் இருக்கின்றன, சரி. ஆனால் அடிமைகளை ஏற்றியவர்கள் எழுதிய கணக்கில் ஏற்றப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் பெயர் கிடையாது, எண்ணிக்கைதான். அடிமை வணிகம் தடைசெய்யப்பட்டபின் பிடிபட்ட அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட 90,000-க்கும் மேற்பட்டோரின் பெயரும் வயதும் இன்று கிடைப்பது, பிற்பாடு எழுத்தர்கள் அவர்களையே கேட்டுப் பதிந்ததால். இனி இதுபோன்ற ஏடுகளை வைத்து வரைந்த வரைபடங்களை நீங்கள் வெளியிடும்போது, மூலக் கணக்கை எழுதியது யார் என்று ஒரு வரி சேருங்கள்.

— ஒரு வாசகர்