கம்பம் ஏறுகிறவருக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்

மின் பகிர்மானக் கழக இயக்குநர்களுக்கும் பயிற்சிப் பிரிவினருக்கும் வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை வருவதற்கு முன் மரக்கிளை வெட்டுவது, சாய்ந்த கம்பத்தை நிமிர்த்துவது, தளவாடம் இருப்பு வைப்பது என்று ஆய்வுக் கூட்டங்கள் நடத்துகிறீர்கள். கம்பம் ஏறுகிறவருக்கான பயிற்சியும் அந்தப் பட்டியலில் வர வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

2002-இல் வந்த மின்துறைக்கான தேசியப் பயிற்சிக் கொள்கை, ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு வாரப் பயிற்சி என்றது. பொறியாளருக்கு மட்டுமல்ல, கடைசி ஊழியர் வரைக்கும். நெய்வேலியில் தேசிய மின்சக்திப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஆனால் உள்ள ஒன்றிரண்டு வயர்மேனையும் வெளியூருக்கு அனுப்பிவிட்டால் பீடரை (துணைமின் நிலையத்திலிருந்து வரும் மின்பாதையை) யார் பார்ப்பது என்று உதவிப் பொறியாளர் கேட்பார். நியாயமான கேள்விதான். அப்படியானால் பயிற்சியே அவர்களுடைய பிரிவு அலுவலகத்துக்கு வரட்டும்.

போன கரண்ட் எத்தனை நிமிடத்தில் திரும்பி வந்தது என்பதை வைத்தே ஊழியரின் திறமையை அளக்கிறோம். இதில்தான் கோளாறு. டிரான்ஸ்பார்மரில் ஃப்யூஸ் அடிக்கடி போகிறதா? தடித்த கம்பியைக் கட்டிவிட்டால் அன்றைய புகார் முடிந்தது, கணக்கில் அது விரைவான சேவை. ஒரே ஃபேஸில் சுமை குவிந்திருப்பது அப்படியே இருக்கும். ஒரு கோடை இரவில் டிரான்ஸ்பார்மரே எரிந்து போனால் லாரி, ஆட்கள், புது டிரான்ஸ்பார்மர் என்று ஒரு நாள் வேலை. கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டரை மாட்டி மூன்று ஃபேஸையும் அளந்து, சுமையைப் பிரித்துக் கட்டத் தெரிந்தவர் அன்று அரை மணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொள்வார். நம் கணக்கில் அவர் மெதுவான ஊழியர்! ஒரே பழுது ஒரே இடத்தில் மாதத்துக்கு எத்தனை முறை திரும்பி வருகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இதே அவசரம் உயிரையும் எடுக்கும். எல்.சி. (லைனை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதி) வாங்கி, லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, மின்சாரம் இல்லை என்று சோதித்து, வேலை செய்யும் இடத்துக்கு இருபுறமும் கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராட் மாட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சப்ளையைத்தான் நிறுத்தியாயிற்றே, எர்த் எதற்கு என்று தோன்றும் இடத்தில்தான் ஆபத்து. லைன் சப்ளையிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் சரியில்லாமல் ஏதோ ஒரு கடைக்காரர் ஜெனரேட்டரை ஓட்டினால், அந்த மின்சாரம் டிரான்ஸ்பார்மர் வழியாகத் தலைகீழாக ஏறி, 11 கே.வி. (11,000 வோல்ட்) லைனில் கொல்லும் மின்னழுத்தமாக நிற்கும். (கூரை சோலாரைச் சந்தேகிக்கிறவர்கள் உண்டு. சப்ளை போனதும் தானாக நின்றுவிடும்படிதான் கிரிட்டோடு இணைந்த இன்வெர்ட்டர்களை அமைக்கிறார்கள். ஆனாலும் எர்த் மாட்டாமல் கம்பியைத் தொடக் கூடாது.) இதை வகுப்பில் படம் போட்டுச் சொன்னால் போதாது. சப்ளை நிறுத்திய லைனில், ஒவ்வொருவரும் தன் கையால் மாட்டிப் பழக வேண்டும்.

அப்புறம், எந்த சுவிட்சைத் திறந்தால் எந்தத் தெரு அணையும் என்பது பல இடங்களில் மூத்த லைன்மேனின் தலைக்குள்தான் இருக்கிறது. 2018-இல் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்தபோது வேறு மாவட்டங்களிலிருந்து வந்து வேலை செய்தவர்களுக்கு ஊரே புதிது. மூத்தவர் ஓய்வு பெறுவதற்கு முன் அவரோடு இளையவர் ஒருவரை லைன் நெடுக நடக்கவிட்டு, வரைபடத்தைத் திருத்தச் சொல்லுங்கள். அதுவும் பயிற்சிதான்.

பயிற்சி நாளை வேலை நாளாகவே கணக்கிடுங்கள். ஒப்பந்தத் தொழிலாளரையும் அன்றைய கூலியோடு உட்கார வையுங்கள். அவரும் அதே கம்பத்தில்தான் ஏறுகிறார்.

இப்படிக்கு,
ஒரு மின் நுகர்வோர்