அரிசியும் வாக்கும்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. மகள் திருமணம் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால், விலையில்லா அரிசி நம் மக்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டது என்று நீ எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

1967 தேர்தலின்போது உனக்கும் எனக்கும் எட்டு வயது. விடியுமுன்பே அரிசிக்கடை வாசலில் பையைப் போட்டு இடம்பிடித்த நம் அம்மாக்கள், பல நாள் வெறும் பையோடு திரும்பினார்கள். 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று தி.மு.க. மேடைகளில் முழங்கியபோது, அதை அவர்கள் அடுப்படிச் செய்தியாகவே கேட்டார்கள். முதல்வர் பக்தவத்சலத்தின் காங்கிரஸ் ஆட்சி வீழ்ந்ததில் 1965 மொழிப் போராட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு; எங்கள் தெருப் பெண்களை வாக்குச்சாவடிக்கு நடக்க வைத்தது அரிசிப் பஞ்சம். அண்ணா ஒரு படித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினாலும், அரசிடம் பணமில்லாததால் அது நீடிக்கவில்லை. ஆயினும் அரிசியைத் தொட்டால் ஆட்சி ஆட்டம் காணும் என்பதை எல்லாக் கட்சிகளும் அன்றே புரிந்துகொண்டன. பிற்காலத்தில் வசதியுள்ளோர் என்று கருதிய குடும்பங்களின் அட்டைகளில் 'எச்' முத்திரை குத்தி அரிசியை நிறுத்திய அ.தி.மு.க. ஆட்சியினர், 2004 மக்களவைத் தேர்தலில் ஒரு தொகுதியும் கிடைக்காமல் தோற்றபின் அதைக் கைவிட்டதும் உனக்கு நினைவிருக்கும். 2008இல் கிலோ ஒரு ரூபாயான அரிசி, 2011இல் விலையில்லாமலே கிடைக்கத் தொடங்கியது.

திட்டங்களைவிட என்னை வருத்துவது, அந்த அரிசியை உண்பவரைப் பற்றிய நம் பேச்சு. விருந்தாளி வந்தால் என் அம்மா ரேஷன் அரிசிப் பானையை உள்ளே தள்ளிவிட்டு, கடனுக்காவது நயம் அரிசி வாங்கிவரச் சொல்வார். இன்றும் 'அதை எங்கள் வீட்டில் கோழிக்குத்தான் போடுகிறோம்' என்று பெருமை பேசுகிறார்கள்.

சென்ற மாதம் நியாய விலைக் கடையில் எனக்கு முன்னால் நின்ற சித்தாள் பெண், விரல்ரேகை வைத்தபின் ஒரு பிடி அரிசியை அள்ளி முகர்ந்து பார்த்து, "இந்த மாசம் வாடையில்ல, சோத்துக்கே ஆவும்" என்றார். வாடை அடித்தால் இட்லிக்கு ஊறப்போட்டுவிட்டுச் சோற்றுக்கு வெளியே விலைகொடுத்து வாங்குவாராம். மிச்சப்படும் பணம் மகனின் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் போகிறது. காலை ஏழு மணிக்குச் சாரத்தில் ஏறும் அவரைச் சோம்பேறி என்று யாரால் சொல்ல முடியும்?

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். கட்டாயம் வா; அந்தக் கடை வரிசையில் ஒரு காலைப்பொழுது என்னோடு நில்.

என்றும் அன்புடன்,
கணேசன்