அந்த அழுகையைக் குறைக்காதே

கோத்தகிரி
தை 20

அன்பு அம்மாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மட்டும் குளிரில் முழங்கால் பிடித்துக்கொள்கிறது, வெயில் ஏறியதும் நடமாடுகிறாள்.

நாலு நாளாக உன் பேச்சுதான் மனதில் ஓடுகிறது. பனி ராணி கதையை வைத்து நீ எழுதும் பாட்டு நாடகம், அந்த ஓபராவின் கடைசிக் காட்சியில் கெர்டா அழுது பாடுவது ஒன்பது நிமிஷம் வருகிறதாம், அதை மூன்று நிமிஷமாக்கு என்று உன் வாத்தியார் சொன்னாராம். போனில் எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. யோசித்துச் சொல்ல வேண்டியதாக இருந்தது.

நீ அனுப்பிய பனி ராணி கதையை இரண்டு தடவை படித்தேன். பிசாசுக் கண்ணாடி உடைந்து ஒரு சில்லு கெர்டாவின் தோழனான பையனின் கண்ணில், ஒரு சில்லு நெஞ்சில். அவன் தன் சறுக்கு வண்டியைப் பனி ராணியின் வண்டியில் கட்டுகிறான், அவள் அவனை இழுத்துப் போகிறாள். கெர்டா காக்கையைக் கேட்டு, கொள்ளைக்காரப் பெண்ணைக் கேட்டு, கலைமான் மேலேறி வடக்கே போய்ச் சேர்கிறாள். அங்கே அவள் கையில் கத்தியும் இல்லை, மந்திரமும் இல்லை. அழுகிறாள். அந்தக் கண்ணீர் பட்டுத்தான் அவன் நெஞ்சில் இருந்த சில்லு கரைகிறது. கதையின் முழு பாரமும் அந்த ஓர் இடத்தில் இருக்கும்போது அங்கே அவசரப்படலாமா?

உன் தாத்தா காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டியது உனக்குத் தெரியும். எப்படி அழுவார் என்று தெரியாது, நீ அப்போது பிறக்கவில்லை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பி, அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயின் லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, நாங்கள் வந்தபோது எனக்கு எட்டு வயது. பாத்திரம் பண்டம் வாங்கு முன்னேயே பெரியவர்கள் காமன் கூத்துக்குத் தப்பு மேளம் வாங்கினார்கள். மாசி அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றுவார்கள். தாத்தா அன்றிலிருந்து விரதம். சிவன் நெற்றிக்கண் திறந்து மதன் எரிந்து போகும் ராத்திரி, ரதி பொட்டலில் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பாள். அதற்குக் கணக்கே கிடையாது. தாத்தா ஒரு அடி பாடுவார், தப்பு நின்றுவிடும். மறுபடி ஒரு அடி. பனி கொட்டும். ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள்.

முதலில் பெண்கள் ரதிக்காக அழுவார்கள். நேரம் போகப் போக அது வேறு அழுகையாகிவிடும். தலைமன்னாருக்கு எங்களைக் கொண்டுவந்த ரயிலுக்கு இலங்கை மலைநாட்டில் அழுகைக் கோச்சி என்றுதான் பேர். அக்காளை அங்கே விட்டவள், பெற்றவளை விட்டவள், எல்லோரும் அந்தப் பொட்டலில்தான் அழுது தீர்த்தார்கள். என் அம்மா உட்பட. ஸ்டேஷனில் அழ அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை, கையில் மூன்று பிள்ளைகள். தாத்தா அன்றைக்கு மூன்று நிமிஷத்தில் முடித்திருந்தால் ரதியின் கதை மட்டும்தான் நடந்திருக்கும்.

நீளத்துக்காக நீளம் வேண்டாம், அதையும் சொல்லிவிடுகிறேன். தாத்தா சொன்னதையே சொல்ல மாட்டார். ஒவ்வொரு அடியிலும் ரதிக்குப் புதிதாக ஒன்று நினைவுக்கு வரும்: மாலை மாற்றியது, அவன் வில், வாசலில் கிடக்கும் செருப்பு. உன் ஒன்பது நிமிஷத்தில் கெர்டாவுக்கு என்னென்ன நினைவுக்கு வருகிறது என்று எண்ணிப் பார். வெறும் ஓலம் உள்ள இடத்தை நீயே எடுத்துவிடு. மற்றதைத் தொடாதே.

டென்மார்க் இசையமைப்பாளர் ஆப்ரகாம்சென் 2019-லேயே இதே கதையைக் கோபன்ஹேகனில் ஓபராவாக மேடையேற்றிவிட்டார், நான் எதற்கு என்றும் கேட்டாய். வருஷா வருஷம் அதே ரதி, அதே மதன். போன வருஷம் பார்த்தாயிற்றே என்று லயத்தில் யாரும் வீட்டில் படுத்துக்கொண்டதில்லை. அவர் பனி ராணியை அடித்தொண்டைக் குரலுள்ள ஆணைப் பாடவைத்தார் என்று நீ சொன்னபோது எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. நம் ரதிக்கும் மீசை மழித்த முகம்தானே.

அந்தக் கதை எழுதிய ஆண்டர்சன் செருப்புத் தைப்பவரின் மகன், தாய் துணி வெளுத்தவர் என்று படித்தேன். 1819-ல், 14 வயதில், பாட்டுக்காரனாக வேண்டும் என்று தனியாக அதே கோபன்ஹேகனுக்கு வந்திருக்கிறார். குரல் உடைந்து பாட்டு போயிற்று, பிறகுதான் எழுத்து. கொழுந்து பறித்தவள் மகள் நீ. அந்த ஊரில் நீ அந்நியமாக நிற்க வேண்டியதில்லை.

இந்த வருஷம் உறைபனி கடுமை. சதுப்பு ஓரத்துத் தேயிலை கருகிவிட்டது. உனக்கு நினைவிருக்கும், ராத்திரி பனி விழும்போது இலையில் ஒன்றும் தெரியாது, காலை வெயில் பட்ட பிறகுதான் கறுக்கும். விடியுமுன் தண்ணீர் தெளித்த பாத்தி மட்டும் பச்சையாக இருக்கிறது.

இன்னும் சில நாளில் கம்பம் ஊன்றுவார்கள். தாத்தாவோடு மதன் கட்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார், ரதி பாட்டு முழுதும் அவருக்குப் பாடம். போனில் பதிந்து அனுப்புகிறேன். அவருக்கு இருமல், நடுநடுவே நிறுத்துவார். நிறுத்தும் இடத்தையும் சேர்த்துக் கேள்.

உன் அப்பா