பாடநூலின் இடத்தில் மடிக்கணினி வேண்டுமா? பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் பலரும் கேட்ட கேள்வி இது: "எல்லாப் பாடமும் லேப்டாப்பில் கிடைக்கிறதே, பிள்ளை எதற்குப் புத்தகத்தைச் சுமக்க வேண்டும்?" பள்ளியின் முடிவையும் அதற்கான காரணங்களையும் எழுத்தில் தருகிறேன்.

6 முதல் 12 வரை எல்லா வகுப்புக்கும் அச்சுப் பாடநூல் தொடரும். 9-ஆம் வகுப்பு முதல், குறிப்பிட்ட சில பாடவேளைகளில் மட்டும் பள்ளியின் 40 மடிக்கணினிகள் வகுப்புக்கு வரும். அவை வீட்டுக்கு வராது.

சுமை பற்றிய கவலை நியாயமானது. ஒன்றிய அரசின் 2020 புத்தகப்பைக் கொள்கைப்படி, பை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 4 கிலோ. சார்ஜரோடு ஒரு மடிக்கணினியே 2 கிலோவை நெருங்கும். அன்றைய பாடவேளைக்குரிய புத்தகங்களை மட்டும் கொண்டுவந்து, மற்றவற்றை வகுப்பு அலமாரியில் வைத்தாலே பை பாதியாகக் குறையும்; அந்த ஏற்பாட்டை வகுப்பாசிரியர் செய்து தருவார்.

வாசிப்பு விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஆய்வில், திரையில் படித்தவர்களைவிடத் தாளில் படித்தவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டது தெரிந்தது. நேரக் கட்டுப்பாடு இருந்தபோது இந்த வேறுபாடு இன்னும் கூடியது. சுவீடன் 2023-இல் அச்சுப் புத்தகம் வாங்கப் பள்ளிகளுக்குத் தனியாக நிதி ஒதுக்கியது. நம் பிள்ளைகள் 10, 12-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வை மூன்று மணி நேரம் கையால்தான் எழுதுகிறார்கள். வருடம் முழுதும் தட்டச்சு செய்துவிட்டு மார்ச்சில் பேனா பிடித்தால், விடை தெரிந்திருந்தும் கை வலித்துக் கடைசி ஐந்து மதிப்பெண் வினா நின்றுபோகும்.

அடுத்தது நம் கரைக்கே உரிய சிக்கல். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்புத்தூள் அந்த ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து நீராகிவிடும். மண்டபத்திலிருந்து தொண்டி வரை எந்தக் கடலோர ஊரிலும் இரவிலும் விடியலிலும் அந்த அளவு சாதாரணம். மடிக்கணினியின் விசிறி உள்ளே இழுக்கும் காற்றோடு உப்பும் போய் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையில் படியும். ஈரம் சேர்ந்ததும் அது மின்சாரத்தைக் கடத்தும். முதலில் சார்ஜர் முனையில் பச்சைக் களிம்பு பிடிக்கும், பிறகு சில விசைகள் வேலை செய்யாது, கடைசியில் திரை அணைந்துபோகும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மணலும் சேர்ந்து விசிறியை அடைக்கும். பாடநூல் நனைந்தால் பக்கத்துக்குப் பக்கம் தாள் வைத்து நிழலில் காயவைத்து மறுபடி படிக்கலாம்.

மின்சாரக் கணக்கையும் பாருங்கள். ஒரு சார்ஜர் 45 வாட் என்றால் 40 சார்ஜருக்கு 1,800 வாட்; 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8 ஆம்பியர். வகுப்பறைச் சுவரில் இருப்பது 6 ஆம்பியர் பிளக். அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் இன்னொன்று என்று மாட்டிக்கொண்டே போனால் முதல் பெட்டியின் பிளக் முனை சூடேறி உருகும். அதனால், மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே அணையும் 16 ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்ச் வைத்துத் தனி லைன் இழுத்து, 20, 20 ஆக இரண்டு தவணையில் சார்ஜ் போடுகிறோம். மின்கசிவை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழாய் உப்பு மண்ணில் சீக்கிரம் அரித்துப்போகும் என்பதால் ஆண்டுதோறும் மழைக்கு முன் அதன் மின்தடையை அளந்து பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும், எட்டுப் பாடவேளைக்கும் திரையையே நம்பினால் சற்றுப் பழகிய பேட்டரி மதியச் சாப்பாட்டோடு தீர்ந்துவிடும். வாடைக்காலத்தில் புயல் எச்சரிக்கை வந்து கரண்ட் போகும் நாட்களைச் சொல்லவே வேண்டாம்.

கருவியை மட்டும் கொடுத்தால் படிப்பு வந்துவிடாது. பெரு நாட்டின் கிராமப்புறப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி கொடுத்து ஆராய்ந்தபோது, கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் காணப்படவில்லை.

அதற்காக மடிக்கணினியை ஒதுக்கவும் மாட்டோம். இயற்பியலில் மின்சுற்றை மாற்றி மாற்றிப் பார்க்க, ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் வளைவரையின் எண்களை மாற்றி அது எப்படி நகர்கிறது என்று காண, செயற்கைக்கோள் படத்தில் பாக் நீரிணையையும் மணல்திட்டுகளையும் பார்க்க, தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு பழக, இவற்றுக்குப் புத்தகம் போதாது. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு எழுத்தைப் பெரிதாக்கியும் என்விடிஏ மென்பொருளால் படிக்கக் கேட்டும் கற்க அதுவே வழி. அவர்களுக்கு எந்தப் பாடவேளையிலும் மடிக்கணினி உண்டு. பாடநூலில் அச்சிட்ட க்யூஆர் குறியீட்டுக் காணொளிகளை வீட்டில் இணையம் இல்லாதவர்கள் பள்ளியிலேயே போனில் இறக்கிக்கொள்ளலாம்.

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காளோ வாங்கியது பல வீடுகளில் இருக்கும். அதைப் பிள்ளை கையில் கொடுக்கும் முன் தட்டையான மேசையில் வைத்துப் பாருங்கள். நான்கு மூலையும் படியாமல் ஆடினாலோ, விரல் வைத்து நகர்த்தும் பட்டை மேலே எழும்பியிருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். கடையில் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள். நல்ல நிலையில் இருந்தால், கடல் பக்க ஜன்னலோரத்திலும் தகரக் கூரைக்கு அடியில் வெயில் ஏறும் இடத்திலும் வைக்க வேண்டாம். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நான்கைந்தோடு, பாதி சார்ஜில் வையுங்கள். மெத்தையிலோ தலையணையிலோ வைத்துச் சார்ஜ் போடக் கூடாது. உப்புநீர் பட்டால் உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள். காய்ந்துவிட்டதே என்று போட்டுப் பார்த்தால், உள்ளே தங்கிய உப்பு பலகையை எரித்துவிடும்.

இத்துடன் உள்ள ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். அப்பா கடலில் இருந்தால் அம்மாவோ தாத்தா பாட்டியோ கையெழுத்திடலாம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குமேல் நேரில் வாருங்கள். சார்ஜ் போடும் அறையையும் திறந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்